புரட்டாசியில் சாத்திய கதவு

2016 ஏப்ரல் 19, செவ்வாய்க்கிழமை. நியூயார்க் மாநிலத்தில் அதிபர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல் நடந்த நாள். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தின் ஜிம்தான் எங்களுக்கு வாக்குச்சாவடி. வேலைக்குப் போகும் வழியில் ஓட்டுப் போட்டுவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே நானும் வீட்டுக்காரரும் போய்விட்டோம். கூடைப்பந்துக் கோடுகள் போட்ட மரத்தரையில் மடக்கு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் தடித்த ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வாக்காளர் பெயர்கள், பக்கத்திலேயே பதிவுப் படிவத்தில் போட்ட கையெழுத்தின் சின்ன நகல். எங்கள் மேசையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இருந்தார். அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு பெயராக இறக்கிக்கொண்டே போனார். வீட்டுக்காரர் பெயரில் கோல் நின்றது. அவர் கையெழுத்துப் போட்டு, வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

என் பெயர் வரவேண்டிய இடத்தை அந்தக் கோல் நிற்காமல் கடந்தது. அந்த அம்மா திரும்ப மேலேறி வந்து பார்த்தார், அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறாய் என்று கேட்டார். எதிலும் இல்லை என்றேன். அப்படியென்றால் இந்தப் புத்தகத்தில் உன் பெயர் இருக்காதே அம்மா என்றார், என்னைவிட அவருக்குத்தான் வருத்தம் என்பதுபோல.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் 2013லேயே குடியுரிமை வாங்கிப் பதிவு செய்தவள். அந்த நவம்பரில் மேயர் தேர்தலுக்கும் அடுத்த நவம்பரில் ஆளுநர் தேர்தலுக்கும் ஓட்டுப் போட்டிருந்தேன். வீட்டுக்காரர் உறுதிமொழி எடுத்ததோ 2016 ஜனவரியில். மூன்று மாதக் குடிமகன் ஓட்டுப் போட்டார். மூன்று வருடக் குடிமகள் வெளியே நின்றேன். இரண்டு பேருமே சட்டத்தை ஒரு வரிகூட மீறவில்லை. அன்றைய நியூயார்க் சட்டப்படி இரண்டுமே சரி.

எப்படி என்று சொல்கிறேன். அமெரிக்காவில் நவம்பரில் நடப்பது பொதுத்தேர்தல். அதில் ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் நிற்பது யார் என்று தீர்மானிக்கிற தேர்தல்தான் பிரைமரி. நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் கட்சித் தலைமையகத்திலிருந்து வரும். இங்கே அதை வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். எந்த வாக்காளர்கள் என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. நியூயார்க்கில் பிரைமரி மூடிய வகை. அந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே அதன் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். புதிதாகப் பதிவு செய்கிறவர் படிவத்திலேயே கட்சியையும் குறித்துவிடலாம். 2016 பிரைமரிக்கு அதற்கான கடைசி நாள் மார்ச் 25. வீட்டுக்காரர் அப்படித்தான் உள்ளே வந்தார். ஏற்கெனவே பதிவு செய்தவர் கட்சி மாறுவதென்றாலும், என்னைப்போல் கட்சி எதுவுமில்லாமல் இருந்து ஒரு கட்சிக்கு வருவதென்றாலும் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஏப்ரல் தேர்தலுக்கு அதற்கு முந்தைய அக்டோபரிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள்.

பின்னால் பழைய நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் 9 வெள்ளிக்கிழமை. மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்கு மாவிளக்குப் போட அந்த வெள்ளி இரவு அரிசி ஊறவைத்த ஞாபகம் இருக்கிறது. ஒரு முக்கியமான நாள் என்னைக் கடந்து போன ஞாபகம்தான் இல்லை. அப்போது ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதம்கூட நடந்திருக்கவில்லை, அக்கம்பக்கத்தில் யாரும் தேர்தலைப் பற்றிப் பேசவும் இல்லை. புரட்டாசியில் சாத்திய கதவை சித்திரையில் போய்த் தட்டியிருக்கிறேன்.

சரி, 2013இல் ஏன் கட்சியைக் குறிக்காமல் விட்டேன்? புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துவிட்டு வெளியே வந்ததும் தன்னார்வலர்கள் சிலர் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தார்கள். கையில் புதுச் சான்றிதழ், மனதில் ஊர் ஞாபகம், கண்ணில் தண்ணீர். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எழுதினேன். கீழே கட்சிக்கான கட்டங்கள். ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, இன்னும் சில சின்னக் கட்சிகள். கடைசியில், எந்தக் கட்சியிலும் பதிய விரும்பவில்லை என்று ஒரு கட்டம். பேனா நேராக அங்கேதான் போனது.

அப்பா திருச்சியில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். அரசு ஊழியர் அரசியல் கட்சியில் சேரக் கூடாது என்பது நடத்தை விதி. அதை விதியாக மட்டும் பார்க்காமல் ஒழுக்கமாகவே கடைப்பிடித்தார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளிடம் அரசாங்கப் படிவமே உன் கட்சி எது என்று கேட்டால் கை கூசத்தான் செய்யும். அந்தப் பட்டியல் பொதுப் பட்டியல் என்றும், யார் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறார் என்பதை வேட்பாளர்கள் வாங்கிப் பார்க்க முடியும் என்றும் பின்னால் தெரிந்தபோது அந்தக் கூச்சம் இன்னும் கூடியது. கட்சியில் பதிவது என்றால் உறுப்பினர் அட்டை, சந்தா, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவுமே கிடையாது. ஒரு கட்டத்தில் ஒரு டிக். நவம்பரில் அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை எடுத்துச் சொல்ல அன்று அங்கே யாருக்கும் நேரமில்லை. வரிசை நீளம்.

எனக்கு நடந்ததைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் நியூயார்க் படிவத்தில் இன்டிபென்டன்ஸ் கட்சி என்று ஒரு கட்சி இருந்தது. கட்சி சாராதவர் என்று குறிப்பதாக நினைத்துப் பலர் அந்தப் பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டு, தங்களுக்கே தெரியாமல் ஒரு கட்சிக்காரர் ஆகியிருந்தார்கள். 2020இல்தான் அந்தக் கட்சி வாக்குச்சீட்டில் இடம்பெறும் தகுதியை இழந்தது. 2016இல் அந்தக் கடைசி நாள் பெரிய வீட்டுப் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. குடியரசுக் கட்சியின் பிரைமரியில் நின்ற டொனால்டு டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் கட்சிப் பதிவுக்கான நாளைத் தவறவிட்டதால் சொந்த மாநிலத்தில் அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியவில்லை.

அந்தக் காலை எனக்கு உறுதிமொழி வாக்குச்சீட்டு ஒன்று கொடுத்தார்கள். உறைமேல் பெயர், முகவரி, கட்சி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே சீட்டை வைத்து ஒட்ட வேண்டும். பதிவைச் சரிபார்த்த பிறகு எண்ணுவார்கள் அல்லது தள்ளிவிடுவார்கள். என்னுடையதைத் தள்ளிவிட்டார்கள் என்று சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வாக்குச்சாவடியிலிருந்து வந்த அன்று இரவே கட்சிப் பதிவுக்கான புதுப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். அதுவும் உடனே செல்லாது, நவம்பர் பொதுத்தேர்தல் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்றார்கள். அந்த வருடம் நியூயார்க்கில் மூன்று பிரைமரி. ஏப்ரலில் அதிபருக்கு, ஜூன் 28இல் காங்கிரஸ் அவைக்கு, செப்டம்பர் 13இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு. மூன்றிலும் நான் வேடிக்கை பார்த்தவள்தான். (அதே ஏப்ரலில் புரூக்ளினில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டிருந்தது வெளிவந்து பெரிய விவகாரமானது. அது வேறு கதை. என் பெயர் பட்டியலில் பத்திரமாகத்தான் இருந்தது, கட்சி என்ற ஒரு வார்த்தை மட்டும் இல்லாமல்.)

நவம்பரில்தான் ஓட்டு இருக்கிறதே, பிரைமரி போனால் என்ன என்று என் தம்பி போனில் கேட்டான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்வேன். குவீன்ஸ் மாதிரி ஒரே கட்சியின், அதாவது ஜனநாயகக் கட்சியின், கை ஓங்கிய இடத்தில் நவம்பர் தேர்தல் பெரும்பாலும் சடங்கு. முடிவு பிரைமரியிலேயே ஆகிவிடும். 2018 ஜூன் 26 அன்று எங்கள் பக்கத்துத் தொகுதியில், குவீன்ஸும் பிராங்க்ஸும் சேர்ந்த 14ஆம் காங்கிரஸ் தொகுதியில், இருபது ஆண்டுகாலம் பதவியில் இருந்த ஜோ கிரவுலியை அந்தக் கட்சியின் பிரைமரியில் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் தோற்கடித்தார். நாடே திரும்பிப் பார்த்த அந்தத் தேர்தலில் பதிவான மொத்த வாக்குகள் 30,000கூட இல்லை. தொகுதி மக்கள்தொகையோ ஏழு லட்சம். நவம்பரில் அவர் எளிதாக ஜெயித்தார். அமெரிக்க காங்கிரஸில் ஏழு லட்சம் பேருக்கு யார் பேசுவார் என்பதை ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் முப்பதாயிரத்துக்கும் குறைவானவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முப்பதாயிரத்தில் ஒருவராக இருக்க முடியுமா என்பது, ஏற்கெனவே பதிந்தவர்களுக்கு, அதற்கு முந்தைய அக்டோபரிலேயே தீர்மானமாகியிருந்தது.

அடுத்த வருடம் இன்னும் நெருக்கமாகப் பார்த்தேன். 2019 ஜூன் 25, குவீன்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்கான பிரைமரி. அதற்குள் நான் பதிந்தவள், ஓட்டும் போட்டேன். முதல் நாள் இரவு டிஃபனி கபான் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் முன்னிலை. தபால் வாக்குகளை எண்ணியதும் மெலின்டா காட்ஸ் முன்னால் வந்தார். மறு எண்ணிக்கை முடிந்தபோது வித்தியாசம் 60 வாக்குகள். கிட்டத்தட்ட தொண்ணூறாயிரம் வாக்குகளில் அறுபது. அப்போது வாரக்கணக்கில் வழக்காடியது எதைப் பற்றித் தெரியுமா? நூற்றுக்கும் மேற்பட்ட உறுதிமொழி வாக்குச்சீட்டுகளைப் பற்றி. அவற்றின் உறைமேல் கட்சியின் பெயரை எழுதவில்லை என்று அவற்றைத் தள்ளியிருந்தார்கள். அந்தக் கட்சியில் முறையாகப் பதிந்தவர்கள், அந்தக் கட்சியின் பிரைமரிக்கு வந்தவர்கள், உறையில் ஒரு வார்த்தை எழுதாமல் விட்டவர்கள். செய்தியைப் படித்ததும் 2016இல் நான் பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பிய அந்த உறை கண்முன்னே வந்தது.

கட்சி தன் வேட்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர் கும்பலாக வந்து, பலவீனமான ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனால்? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வராதவர்கள் வந்து மாப்பிள்ளையை முடிவு செய்வதுபோல் ஆகிவிடாதா? நியூயார்க் மாநிலம் நீதிமன்றத்தில் சொன்ன காரணமும் இதுதான். 1971இல் நியூயார்க்கில் சிலர் அக்டோபர் கெடுவுக்குள் கட்சியைப் பதியாமல் விட்டுவிட்டு, டிசம்பரில் பதிந்தார்கள். 1972 ஜூன் பிரைமரியில் அவர்களுக்கு ஓட்டு இல்லை என்றது மாநிலம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ரொசாரியோ எதிர் ராக்கஃபெல்லர் என்ற அந்த வழக்கில் 1973இல் ஐந்துக்கு நான்கு என்று மாநிலத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. சட்டம் உங்களைத் தடுக்கவில்லை, நீங்கள்தான் உரிய நேரத்தில் பதியவில்லை என்றார்கள் ஐந்து நீதிபதிகள். அதே வருடம் இல்லினாய் மாநிலத்தின் விதி ஒன்றை அதே நீதிமன்றம் செல்லாது என்றது. ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட்டவர் 23 மாதத்துக்கு வேறு கட்சியின் பிரைமரியில் போட முடியாது என்ற விதி அது. அக்டோபர் கெடுவிலிருந்து செப்டம்பர் பிரைமரி வரை பதினொரு மாதம் பொறுக்கலாம், இருபத்துமூன்று கூடாது. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஒரு கோடு.

ரொசாரியோ வழக்கில் மாறுபட்ட நான்கு நீதிபதிகளில் ஒருவர் தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் பிரைமரியின் கதவு எத்தனை கொடுமையாகச் சாத்தப்பட முடியும் என்று நேரில் கண்டவர் அவர். அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி மட்டும்தான். அதன் பிரைமரியில் ஜெயித்தவர் பதவிக்கு வந்த மாதிரி. 1923இல் டெக்சாஸ் அந்தப் பிரைமரியில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாது என்று சட்டமே போட்டது. நவம்பரில் போடுங்கள், யார் தடுத்தது என்பதுதான் வாதம். எல் பாசோ நகரத்து மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் 1924இல் ஓட்டுப் போடப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டு வழக்குப் போட்டார். 1927இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. உடனே டெக்சாஸ் வேறு வழி பிடித்தது. அரசு தடுக்காது, கட்சி தன் விருப்பப்படி உறுப்பினரை வைத்துக்கொள்ளட்டும் என்றது. 1935இல் அதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஹூஸ்டன் பல்மருத்துவர் லானி ஸ்மித்தின் வழக்கில்தான், 1944இல், பிரைமரியும் அரசின் தேர்தலில் ஒரு பகுதியே, அங்கே நிறம் பார்த்து யாரையும் ஒதுக்க முடியாது என்ற தீர்ப்பு வந்தது. ஸ்மித்துக்காக வாதாடியவர் மார்ஷல். இருபது வருடம் கழித்து, கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடத் தலைவரி கேட்கக் கூடாது என்று 1964இல் 24ஆம் அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது, பிரைமரி என்ற வார்த்தையை அதில் தெளிவாக எழுதியே வைத்தார்கள்.

நான் தவறவிட்ட ஓர் ஓட்டையும் நிக்சன் பட்ட பாட்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். வைத்தால் அது பாவம். ஆனால் 'நவம்பரில் போட்டுக்கொள்' என்ற பதில் எவ்வளவு பழையது என்று அந்த வரலாற்றைப் படித்த பிறகுதான் தெரிந்தது. பிரைமரி அரசு செலவில், அரசு ஊழியர் நடத்த, அரசுப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற தேர்தல். கட்சி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாரக் கெடு போதும், ஆறு மாதம் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

நியூயார்க்கும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2019இல் செய்த திருத்தத்தால் கட்சி மாற்றத்துக்கான கெடு முந்தைய அக்டோபரிலிருந்து அந்த வருடப் பிப்ரவரி 14க்கு வந்தது. மாநில, காங்கிரஸ் பிரைமரிகள் இரண்டும் ஜூன் மாதம் ஒரே நாளாகின. தேர்தலன்றே பதிவு செய்துகொள்ளலாம் என்று அரசியல் சட்டத்தை மாற்றும் யோசனையை 2021 நவம்பரில் மக்களே நிராகரித்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய ஏமாற்றம். அதற்குப் பிறகு 25 நாளாக இருந்த புதுப்பதிவுக் கெடுவை, அரசியல் சட்டம் அனுமதிக்கும் எல்லையான 10 நாளுக்குக் குறைத்தார்கள். அது நல்ல காரியம். இருந்தும் 2016இல் எங்கள் வீட்டில் நடந்த அந்த விநோதம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஜூன் தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு முதல்முறையாகப் பதிகிறவர் கட்சியைக் குறித்து பிரைமரியில் ஓட்டுப் போடலாம். பத்து வருடமாகப் பட்டியலில் இருக்கும், கட்சி குறிக்காதவர் பிப்ரவரிக்குப் பிறகு விழித்துக்கொண்டால் பயனில்லை. நியூயார்க் நகரத்தில் மட்டும் அப்படிக் கட்சி குறிக்காதவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

அந்தப் பத்து லட்சத்தில் ஒருவர் எங்கள் அண்ணாச்சி. நாகர்கோவில்காரர், சப்வே ரயிலில் வேலை, இருபது வருடத்துக்கு மேல் இந்த நகரத்தில் இருக்கிறார். 2025 பிப்ரவரி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் கேன்டீனில் பிடித்தேன். மேயர் பிரைமரி ஜூன் 24, கெடு வர இன்னும் ஐந்தே நாள். படிவத்தை நீட்டினேன்.

"ஜூன்ல நடக்க எலக்‌ஷனுக்கு இந்தப் பனியில என்னத்துக்கு தங்கச்சி ஃபாரம்?" என்றார்.

"வெள்ளிக்கிழமையோட முடியுது அண்ணாச்சி. அதுக்கப்புறம் எழுதினா ஜூனுக்கு ஆகாது."

"கட்சில பேரு குடுத்தா நாளைக்கு நன்கொடைன்னு வாசல்ல வந்து நிப்பானுவளே?"

கட்சியில் சேர்வதற்கும் பதிவதற்கும் உள்ள வித்தியாசத்தை, தோசை ஆறிப்போகும் வரை விளக்கினேன். கேட்டுக்கொண்டார். கையைத் துடைத்துவிட்டுப் பொறுமையாக நிரப்பினார், கட்டத்தில் டிக் போட்டார், கையெழுத்தும் போட்டார். நானே வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். "போற வழில தபால்ல போட்டுருதேன்" என்றார், விட்டுவிட்டேன். அந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்டு. படிவம் கோட்டுப் பையிலேயே இருந்திருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரிதான் தபால் பெட்டியில் போட்டிருக்கிறார். நியூயார்க்கில் கட்சி மாற்றப் படிவம் பிப்ரவரி 14க்குள் தேர்தல் வாரியத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று தபாலில் விழுந்திருந்தால் போதாது.

மே மாதம் மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் அவர் பெயரைப் போட்டுப் பார்த்தோம். கட்சி என்ற இடத்தில் பழையபடி எதுவுமில்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோட்டுப் பையில கெடந்துட்டு தங்கச்சி" என்றார் மெதுவாக. ஜூன் 24 அன்று வெயில் நூறு டிகிரியை ஒட்டி அடித்தது. வாக்குச்சாவடி வாசலில் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்த அந்தப் பிரைமரியில் சோரான் மம்தானி முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்தார். அந்த மம்தானி 2020இல் அஸ்டோரியாவில் முதன்முதலாகச் சட்டமன்ற பிரைமரியில் ஜெயித்தது சில நூறு வாக்குகளில்தான். அன்று அண்ணாச்சி வழக்கம்போல் ரயில் ஓடும் தடத்தில் வேலையில் இருந்தார்.

மற்ற மாநிலங்களில் இருக்கிற சொந்தக்காரர்கள் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் பதிவுக்கு 21 நாள் முன்பு கெடு. கட்சி குறிக்காதவர் பிரைமரியன்றே சாவடியில் ஒரு கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம், அதோடு அந்தக் கட்சியில் பதிந்தவராகிவிடுவார். ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதென்றால் 55 நாள். பென்சில்வேனியாவில் எல்லாவற்றுக்கும் 15 நாள், ஆனால் பிரைமரி மூடியது. டெக்சாஸில் பதிவேட்டில் கட்சி என்ற பேச்சே இல்லை. 30 நாள் முன்பு பதிந்திருந்தால் போதும், சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். ஒன்றை வாங்கியவர் அந்த வருட மறுசுற்றிலும் அந்தக் கட்சியோடுதான். கொலராடோவில் கட்சி சாராதவர் வீட்டுக்கு இரண்டு கட்சிச் சீட்டும் தபாலில் வரும். ஒன்றை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும், இரண்டையும் அனுப்பினால் இரண்டும் செல்லாது. கென்டக்கியில் மே பிரைமரிக்குக் கட்சி மாறும் கெடு முந்தைய டிசம்பர் 31. கூட்டாட்சித் தேர்தலுக்கு 30 நாளுக்கு மேல் பதிவுக் கெடு வைக்கக் கூடாது என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, ஆனால் அது பதிவுக்கு. கட்சிப் பதிவுக்கு மாநிலங்கள் வைத்ததுதான் சட்டம். வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவே கிடையாது!

இன்னொன்று. இதை நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை. கிரீன் கார்டில் இருப்பவர்களும் எச்-1பி விசாவில் இருப்பவர்களும் இந்தப் படிவத்தைத் தொடவே கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது, வாக்காளராகப் பதியட்டுமா என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். எல்லாப் படிவத்துக்கும் ஆம் போட்டுப் பழகிய கை அதற்கும் ஆம் போட்டுவிடும். குடிமகன் என்று பொய்யாக உறுதி சொன்னதாக ஆகிவிடும், குடியேற்ற வழக்கில் அதற்கு மன்னிப்பு மிகக் குறைவு, நாடு கடத்தும் வரைக்கும் போகலாம். நகரத் தேர்தலில் மட்டும் குடியுரிமை இல்லாதவர்களும் ஓட்டுப் போடலாம் என்று நியூயார்க் நகரம் 2022இல் கொண்டுவந்த சட்டத்தை மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் செல்லாது என்றுவிட்டது. அதைக் கேள்விப்படாமல், 'எங்களுக்கும் உண்டாமே அக்கா' என்று கேட்டு வருகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். குடியுரிமை வந்ததும் முதல் ஆளாக உனக்குத்தான் தருவேன் என்று சொல்லி அனுப்புகிறேன்.

2026இல் நியூயார்க் பிரைமரி ஜூன் 23. புதிதாகப் பதியக் கடைசி நாள் ஜூன் 13. ஏற்கெனவே பதிந்து கட்சி குறிக்காதவர்களுக்குப் பிப்ரவரி 14, சனிக்கிழமை.

அந்த வருடம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கேன்டீனில் நான் வரிசையில் நிற்கும்போது அண்ணாச்சி போனை நீட்டினார். அதே தளம், அவர் பெயர், கட்சி என்ற இடத்தில் இப்போது கட்சியின் பெயர். தாமதமாகப் போன அந்தப் படிவம் பிரைமரி முடிந்து ஏழாம் நாள் தானாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. காட்டிவிட்டுத் திரும்பத் தன் மேசைக்குப் போய்விட்டார். அங்கே வயதான தம்பதி ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் இரண்டு படிவம், சாம்பார்க் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி படிவத்தின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா டிக் போட்டு முடித்ததும் அண்ணாச்சி இரண்டையும் மடித்து உறைக்குள் போட்டு, எழுந்துபோய்க் கோட்டை மாட்டினார். பைக்குள் வைக்கவில்லை. உறையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, தெருமுனைத் தபால் பெட்டியைப் பார்த்து நடந்தார்.